கிளட்ச் மட்டும் என் பொறுப்பு

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது. அப்பா மாநில அரசில் ஃபைல் பார்த்து, பஸ்ஸில் போய், பஸ்ஸிலேயே ஓய்வு பெற்றவர். அந்தப் பரம்பரையில் வந்த பத்ரிநாத் ஆகிய நான், கார்களுக்கு மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்கினேன் என்றால், அதற்கு இந்தப் பெங்களூரைத்தான் குறை சொல்ல வேண்டும்.

2006-இல் எனக்குக் கல்யாணமான புதிது. மனைவி அம்ருதாவுக்குப் பீன்யாவில், மருந்துப் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஆடுகோடி வீட்டிலிருந்து இரண்டு பஸ், நடுவில் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் முண்டியடித்து ஏற வேண்டும். ஒருநாள் நெரிசலில் டப்பா மூடி திறந்து, ரசம் முழுவதும் கைப்பைக்குள் கொட்டிவிட்டது. ஊருக்கெல்லாம் மூடியைச் சோதித்து அனுப்புகிறவள் அவள். அன்று இரவு அவள் பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, புது மாப்பிள்ளை வீறாப்பில், இனிமேல் பீன்யாவுக்கு நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பீன்யா ஊரின் ஒரு கோடி, ஓசூர் ரோட்டில் என் ஆபீஸ் மறுகோடி. அவளை விட்டுவிட்டு நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் சரியாக இருக்கும். ஆனால் வாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா?

என்னிடம் லைசென்ஸ் இருந்தது. பக்கத்துத் தெருவில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் நோரா டீச்சர் வாங்கித் தந்தது. அவர் வண்டியில் கோரமங்களா, மடிவாளா எல்லாம் வெண்ணெயாக ஓட்டியவன் நான். பிறவி டிரைவர் என்றே என்னை நினைத்துக்கொண்டேன். அந்த நம்பிக்கையில் செகண்ட் ஹாண்ட் மாருதி ஒன்று வாங்கி, பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அம்ருதாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளப்பினேன். வண்டி ஒரு எக்கு எக்கி அணைந்தது. மறுபடி கிளப்பினேன், மறுபடி அணைந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கடைசியில் அம்ருதா இறங்கி, குனிந்து பார்த்தாள்.

"நாலு பழமும் முழுசா இருக்கு. சாயங்காலம் சாதம் பிசைஞ்சுடலாம்" என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

நேராக நோரா டீச்சரிடம் சண்டைக்குப் போனேன். அவர் வண்டியில் இடது பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பயிற்சி முழுக்க, லைசென்ஸ் பரீட்சை உட்பட, கிளட்சை மிதித்தது அவருடைய கால்தானாம். என் கால் சும்மா மேலே ஊர்ந்துகொண்டிருந்திருக்கிறது. டீச்சர் கொஞ்சமும் அசரவில்லை.

"லைசென்ஸ் வாங்கித் தரேன்னுதானேப்பா சொன்னேன். வண்டி ஓட்டக் கத்துத் தரேன்னு எப்ப சொன்னேன்?"

வந்த வழியே திரும்பினேன். மாருதி துணி போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. அம்ருதா தினமும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனாள். அதுதான் தாங்கவில்லை.

இதில் பெரிய கூத்து என் வேலை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக அடாப்டிவ் க்ரூஸ் கண்ட்ரோல் செய்துகொண்டிருந்தோம். முன்னால் போகிற வண்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, இடைவெளிக்கு ஏற்றபடி தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஏற்பாடு. ஆட்டோமேடிக் வண்டியில் இது சுலபம். கியர் வண்டியில் நடுவில் மனிதன் கிளட்சை மிதிப்பான், கியரை மாற்றுவான். அப்போது இயந்திரம் குழம்பாமல் இருக்க என்ன எழுத வேண்டுமோ, அதை எழுதுவதுதான் என் பங்கு. ஆம், கிளட்ச். அந்தக் குழுவில் இத்தனை பேர் இருக்க, கிளட்சை என் தலையில் கட்டிய விதியை என்னவென்று சொல்ல?

சோதனைக்கு ஒரு கார் வந்து சேர்ந்தது. எங்கள் மேனேஜர் சிரிலுக்கு ஒரு கொள்கை உண்டு, எழுதினவன்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். என் லைசென்ஸ் நகல் அவரிடம் இருந்தது. நான் மறுக்கவில்லை, ஏனென்றால் எனக்குள் ஓர் ஆசை. இயந்திரமே பாதி ஓட்டும் வண்டி. இதில் கால் பழகிவிட்டால், நாளைக்கே மாருதியின் துணியை உருவிவிடலாம், அம்ருதாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, ஆனேக்கல் போகும் சாலையில் கிளம்பினோம். பக்கத்து சீட்டில் சிரில், மடியில் லேப்டாப். வண்டி சில தடவை அணைந்தது. புது வண்டி, பழக வேண்டும் என்று சிரிலே சமாதானம் சொன்னார். எப்படியோ மூன்றாவது கியர் வரை வந்து, முன்னால் ஒரு செங்கல் லாரி கிடைத்ததும் க்ரூஸ் பொத்தானை அழுத்தினேன். வண்டி லாரியைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாகப் போனது. என் வலது காலுக்கு வேலையே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோரா டீச்சர் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் எனக்கு, கிளட்ச் அவருக்கு. இங்கே ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் இயந்திரத்துக்கு, கிளட்ச் எனக்கு. தெரிந்ததை எல்லாம் பிடுங்கிக்கொண்டு, தெரியாத ஒன்றை மட்டும் எனக்கு விட்டுவைத்திருந்தார்கள். அந்த விதியை எழுதின மகானுபாவனும் நானேதான்.

லாரி மெதுவாகியது. எங்கள் வண்டியும் தானாக மெதுவாகி, கியர் தாங்காமல் உதறியது. பயத்தில் கிளட்சை அடியோடு மிதித்தேன், மிதித்தவன் எடுக்கவில்லை. எடுத்தால் அணைந்துவிடும் என்று பயம். மனிதனாகப் பிறந்த எவனும் கிளட்சை இத்தனை நேரம் மிதிக்க மாட்டான், மிதித்தால் அது பெடலுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சின் கோளாறு, அதை நம்பாதே என்று இயந்திரத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அது சொன்ன சொல் தவறாமல் என் காலை நம்பவில்லை. லாரி மறுபடி வேகமெடுத்து இடைவெளி கிடைத்ததும் ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தது. கிளட்ச் அமுங்கியிருக்க, எஞ்சின் ஊளையிட்டது. நான் பதறிக் காலை எடுத்தேன். வண்டி எகிறிப் பாய்ந்து, லாரிக்குப் பின்னால் தானே பிரேக் போட்டு, நடுரோட்டில் அணைந்து நின்றது.

பின்னால் வந்த ஆனேக்கல் பஸ் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. கண்டக்டர் தலையை நீட்டி, வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று கன்னடத்தில் விசாரித்துவிட்டுப் போனார்.

சிரில் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டத் தெரிந்த எவனும் கண்டுபிடித்திருக்க முடியாத பிழை அது. மறுநாள் எல்லாருக்கும் நடுவில் என்னைப் பாராட்டினார்கள். பிழை எழுதியவனும் நான், பிடித்தவனும் நான், இரண்டு இடத்திலும் என் பெயரையே போட்டார்கள். அப்புறம் சிரில் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"பத்ரி, ஒரு ஹெல்ப். ரிலீஸ் ஆகற வரைக்கும் நீ வண்டி ஓட்டக் கத்துக்காதே. உன்னை மாதிரி ஒரு கால் மார்க்கெட்ல கிடைக்காது."

இனி சாலையில் இல்லை, ஆபீஸ் பின்பக்கத்து மைதானத்தில்தான் ஓட்ட வேண்டும் என்றும் சொன்னார். விவரம் கெட்டவனாக இருப்பதே உத்தியோகமாகிவிட்டது. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்து அம்ருதாவிடம் சொன்னேன். அவள் அப்போதுதான் பீன்யாவிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"சரி, உங்க பொழைப்புல நான் மண்ணைப் போடலை. நீங்க கத்துக்க வேண்டாம். சாவியைக் குடுங்கோ."

அவளும் கற்றுக்கொள்ளப் போனது நோரா டீச்சரிடம்தான். ஆனால் முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டாள். டீச்சர் சீட்டில் சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும், கால் கீழே வரக் கூடாது. டீச்சர் ஸ்கூல் ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி யாரும் கேட்டதில்லையாம். தெருவில் அந்த வண்டி எக்கி எக்கிப் போவதை நானே பார்த்தேன். உள்ளே டீச்சர் பூஜையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, கண்ணை மூடி ஏசுவை அழைத்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் வண்டி எக்குவது நின்றது.

அவளுக்கு லைசென்ஸ் வந்ததும் மாருதிக்கு மறுபடி எலுமிச்சம்பழம் வைத்தோம். நாலும் நசுங்கின. நான் இடது சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மைசூர் ரோடு திருப்பத்தில் ஓர் ஆட்டோக்காரர் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார், வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று. அம்ருதா என்னைக் கைகாட்டி, வீட்டுக்காரரையே கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன் என்று கன்னடத்தில் பதில் சொல்லிவிட்டு, கியரை மாற்றினாள்.

மார்ச்சில் எங்கள் வேலை முடிந்து, வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இனி நீ தாராளமாக ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று சிரில் கை குலுக்கினார். மறுநாள் காலை அம்ருதாவிடம் சாவி கேட்டேன். உன்னைக் கொண்டுவிடுகிறேன் என்று சொன்ன வாக்கு அப்படியே பாக்கி நிற்கிறதே என்றேன். அவள் ரசம் டப்பாவின் மூடியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்துக்கோங்கோ, வேண்டாங்கலை. டீச்சர் வண்டியில கத்துக்கோங்கோ. இது எனக்குப் பீன்யா போற வண்டி."

அவள் சொன்னது நியாயம்தான், ஆனாலும் பொறாமையாக இருந்தது. பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். சிக்னல் விழுந்து, மாருதி என்னைத் தாண்டி வந்தது. முன்னால் போகிற வேனுக்கு அவள் அளவாக இடைவெளி விட்டிருந்தாள். அதில் ஒரு ஆட்டோ வந்து நுழைந்தது. அவள் திட்டவில்லை, கியரைக் குறைத்தாள், வண்டி துளிக்கூட உதறவில்லை. அந்த நேரம் நடைபாதைக் கல்லை என் இடது கால் தன்னால் அழுத்திக்கொண்டிருந்தது. பஸ் வந்ததும் காலை எடுத்துக்கொண்டு ஏறினேன்.