கலைமதியின் நெஞ்சுப் படம்

கலைமதி அக்கா யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் கொடுக்கும் டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டாள். மஞ்சள் பையிலிருந்து தன்னுடைய எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டுவாள். அதில் ஊற்றச் சொல்லி, அண்ணாந்து, உதடு படாமல் குடிப்பாள். மிச்சம் ஒரு வாய்த் தண்ணீரை டம்ளருக்குள்ளேயே சுழற்றி வாசல் செடிக்கு ஊற்றுவாள். முந்தானையால் துடைத்து மறுபடி பைக்குள் வைத்துவிடுவாள். இவ்வளவும் நடக்கும்போது அவளுடைய வலது கட்டைவிரல், டம்ளர் விளிம்புக்குக் கீழே ஒரே இடத்தை அழுத்தியபடி இருக்கும். முந்திரி உடைத்து உடைத்து, ஓட்டு எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்.

அக்கா என் பெரியப்பா மகள். ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவளைக் கட்டிக்கொடுத்ததும் அடுத்த ஊரில்தான். மாப்பிள்ளை வெற்றிசெல்வனுக்குத் திருச்சியில் கம்பெனி வேலை. கல்யாணமான மறுவருடம், அரசு ஆஸ்பத்திரியில் டிபி மாத்திரை கொடுக்கும் இடத்தில் அக்கா நிற்பதை யாரோ பார்த்துவிட்டார்கள். விசாரித்தவர்களிடம் மாமியார் மீனம்மாள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: “மருமகளுக்கு நெஞ்சுல நோயி.”

அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை ஊர் தன் இஷ்டத்துக்கு மொழிபெயர்த்துக்கொண்டது.

கொஞ்ச காலத்தில் வெற்றிசெல்வன் கனடா போனான். போனவன் கூப்பிடவில்லை. “நோய்க்காரிய அந்த நாட்டுல விடமாட்டானாம்” என்று சொல்லி, பீரோவோடும் பாயோடும் அக்காவை எங்கள் தெருவில் இறக்கிவிட்டுப் போனாள் மீனம்மாள். பெரியப்பா புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தார். நுரையீரல் சுத்தமாக இருந்தது. “மருந்து தின்னு ஆறியிருக்கும்” என்றது ஊர். விசேஷ வீடுகளில் அவள் தொட்ட சொம்பைத் தனியே ஒதுக்கினார்கள். பிறகுதான் அக்கா பையில் டம்ளரைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். முந்திரிக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். கட்டையால் ஒவ்வொரு கொட்டையையும் அவள் அடிக்கும் விதத்தைப் பார்த்தால், பருப்புக்காக மட்டும் அடிக்கிற மாதிரி தெரியாது.

போன மாசியில் மீனம்மாள் எங்கள் தெருவுக்கு வந்தாள். கையில் ஆப்பிள் பை.

“கலை, நல்லா இருக்கியா ஆத்தா?”

“வாங்க அத்தை. வழி மாறி வந்துட்டீங்களோ?”

“ஒன்னையப் பாக்கத்தேன். அவனுக்கு அங்க நிரந்தரமா இருக்கிறதுக்குப் பேப்பர் போட்டுருக்கு. நீ ஒரு எட்டு மெட்ராஸ் போயி டெஸ்ட் எடுத்துட்டு வந்துரு. ரத்தம், மூத்திரம், நெஞ்சுப் படம், அம்புட்டுத்தான். காரு வச்சுத் தாரேன்.”

“நான் எங்கயும் போகலயே அத்தை. எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?”

“போகாட்டியும் எடுக்கணுமாம். கட்டுனவ எடுக்காம பைலு நகராதுங்கறான் ஏஜெண்ட்டு.”

கோர்ட்டுக்குப் போய் அறுக்காமல் விட்ட உறவு அது. ஊர்க் கணக்கில் தள்ளிவைக்கப்பட்டவள், கனடா அரசாங்கத்தின் கணக்கில் இன்னும் பெண்டாட்டி.

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. வெகுநாள் உலைமூடிக்குள் இருந்த ஆவி மாதிரி வந்தது.

“நெஞ்சுப் படமா? இது டிபி நெஞ்சுல்ல? ஒங்க மகனுக்குப் பாஸ் ஆகாதே அத்தை.”

“அதெல்லாம் ஒண்ணும் இருக்காது ஆத்தா.”

“இருக்காதுன்னு எப்பத் தெரிஞ்சுச்சு? இன்னைக்குக் காலையிலயா?”

மீனம்மாள் ஆப்பிளைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். அக்கா அதைத் தொடவில்லை.

“அழகுமலை மாமா பேத்திக்கு விராலிமலையில காதுகுத்து. சாதி சனம் எல்லாம் வரும். அங்க வந்து, எனக்கு ஒரு காலத்துலயும் நோயி இல்லன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, நான் குடிச்ச டம்ளர்ல மிச்சத்தக் குடிங்க. மறுநாளே மெட்ராஸ் போறேன்.”

“எச்சியவா?”

“எச்சியத்தான்.”

காதுகுத்தன்று அடிவார மண்டபத்தில் குழந்தையின் அழுகை அடங்கி, காபி வந்துகொண்டிருந்தது. அக்கா தன் டம்ளரில் காபி வாங்கினாள். அன்றைக்குத்தான் உதடு வைத்துக் குடித்தாள். பாதியைக் குடித்துவிட்டு எழுந்து போய், பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த மீனம்மாளிடம் நீட்டினாள். நீட்டும்போது கட்டைவிரலை எடுத்துவிட்டாள்.

மீனம்மாள் டம்ளரின் பக்கவாட்டைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. எச்சிலை நினைத்து அருவருக்கிறாள் என்று நினைத்தேன்.

எங்கள் எதிர்வீட்டு ரஞ்சிதா மதினி சும்மா இருக்கவில்லை. “என்ன சின்னம்மா, அதுக்குள்ள மீனா நீந்துது? இப்புடிப் பாக்குறீங்க?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“கலைக்கு ஒரு நோயும் கெடையாது” என்றாள் மீனம்மாள்.

“இங்கிட்டுக் கேக்கல!” பந்திப் பக்கமிருந்து ஒரு குரல்.

“ஒரு நோயும் கெடையாதுன்னு சொல்றேன்ல!” என்று கத்திவிட்டு, கண்ணை மூடி மடமடவென்று குடித்தாள். சேலையில் சிந்தியது. அக்கா காலி டம்ளரை வாங்கித் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பந்திக்கு உட்கார்ந்தாள். அன்றைக்கு மூன்று தடவை சாம்பார் கேட்டு வாங்கினாள்.

சொன்னபடியே மறுநாள் மீனம்மாள் அனுப்பிய காரில் சென்னைக்குப் போனோம். துணைக்கு நான். கனடாக்காரர்கள் ஒப்புக்கொண்ட டாக்டரிடம்தான் எடுக்க வேண்டுமாம். முடிவை நம் கையில் தர மாட்டார்கள், நேரே அங்கே போய்விடும் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். அக்கா அதை இரண்டாம் முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். என்றைக்கோ வெற்றிசெல்வன் கூட்டிப்போவதாகச் சொல்லி எடுத்த பாஸ்போர்ட், அதற்குத்தான் முதல்முறையாகப் பயன்பட்டது.

படம் எடுக்குமுன் கழுத்தில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். அக்கா தாலிச் செயினைக் கழற்றிப் பைக்குள் இருந்த டம்ளரில் போட்டாள். கிணுங்கென்று ஒரு சத்தம். பையைச் சுருட்டி என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

“மூச்ச இழுத்துப் பிடிங்கம்மா” என்ற குரல் கதவுக்கு வெளியே கேட்டது. இத்தனை வருடமாக அவள் வேறென்ன செய்துகொண்டிருந்தாள் என்று தோன்றியது.

பிறகு டாக்டர் அறைக்குள் போனவள் வெளியே வர நேரமானது.

“என்னக்கா கேட்டாங்க?”

“எல்லாம் கேட்டாங்க. எல்லாம் சொன்னேன்.”

செயினை அவள் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

ஆடியில் மீனம்மாள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை ஆப்பிள் இல்லை. வேலையில்லாத நாள் என்பதால் அக்கா வாசலில் உட்கார்ந்து வீட்டுக்குக் கொஞ்சம் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையிலேயே சத்தம் தொடங்கிவிட்டது.

“அடி பாவி! என் குடும்பத்துல மண்ணள்ளிப் போட்டியே! டாக்டர் கேட்டா இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே? எம்மவன் மாத்திரை தின்ன கதைய எதுக்குடி அங்க போயி அவுத்துவிட்ட?”

அக்கா அடுத்த கொட்டையை நிறுத்தி வைத்து அடித்தாள்.

“என்ன அத்தை சொன்னீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. ரஞ்சிதாவுக்குக் கேக்கலயாம்.”

ரஞ்சிதா மதினி அதற்குள் வாசலுக்கு வந்திருந்தாள். “மாத்திரை தின்னது வெற்றிசெல்வனா? அப்ப நீங்க இத்தன நாளா இவள…”

மீனம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான்.

வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்று அந்தச் சென்னை டாக்டர் கேட்டிருக்கிறார். புருஷனுக்கு இருந்தது, வெளியே தெரிந்தால் கேவலம் என்று அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, ஆறு மாதமும் நான்தான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அவனோ தன் பரிசோதனையில், எனக்கு அப்படி எதுவும் வந்ததே இல்லை என்று சொல்லியிருந்தான். வந்தது, குணமாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காதாம். இப்போது மறைத்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சளியையும் மறுபடி பரிசோதிக்க வேண்டுமாம். அவன் பைல் அப்படியே நிற்கிறது.

“டாக்டர்ட்ட பொய் சொல்லலாமா அத்தை? ஒங்க மகனுக்கு நல்லதுக்குத்தான் சொன்னேன். நல்லாப் பாத்துக்கட்டும்” என்றாள் அக்கா. “வெயில்ல வந்துருக்கீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

மீனம்மாள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டில் எங்கள் டம்ளரில் உதடு வைத்துக் காபி குடித்தாள். அம்மா அதைப் பார்க்காத மாதிரி அடுப்பைத் துடைத்தாள். பையிலிருந்த தன் டம்ளரை எடுத்து, “கோழித் தீவனம் அள்ள வச்சுக்கடா” என்று என்னிடம் கொடுத்துவிட்டு அக்கா போனாள்.

மறுநாள் தீவனச் சாக்குக்குள் கை விடும்போதுதான் கவனித்தேன். அவள் கட்டைவிரல் வருடக்கணக்காக மூடியிருந்த இடத்தில், தேய்ந்த புள்ளிப் புள்ளி எழுத்துகளில் ஒரு பேர் வெட்டியிருந்தது: வெற்றிசெல்வன். அக்காவிடம் கேட்டேன். அவன் இருமிக்கொண்டு கிடந்த மாதங்களில், வேறு யாரும் தவறி எடுத்துக் குடித்துவிடக் கூடாது என்று, மீனம்மாளே ஆலங்குடிப் பாத்திரக் கடையில் நின்று பேர் வெட்டி வாங்கி வந்த டம்ளராம் அது.