டிரைவருக்கு ஒரு கட்டில்

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிறவர்களுக்குத் திருநெல்வேலி என்றால் அல்வா வாங்க இறங்குகிற இடம், அவ்வளவுதான். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் நாங்குநேரியைத் தாண்டிவிடுவார்கள். தொண்ணூறுகளில் வண்ணார்பேட்டை பைபாஸ் ஓரம் நானும் எங்க வீட்டுக்காரரும் லாட்ஜ் நடத்தியபோது இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும். ஆறு இருக்கிறது, கோயில் இருக்கிறது, ஒரு ராத்திரி தங்கினால் என்ன குறைந்துபோகும் இவர்களுக்கு?

ஊர் வியாபாரிகள் ஒருமுறை இதற்காகவே கூடிப் பேசினார்கள். ஊர் முகப்பில் வளைவு கட்டலாம், ஆற்றங்கரையில் விளக்குப் போடலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எங்க வீட்டுக்காரர் எழுந்து, "டிரைவர் படுக்க ஒரு கட்டில் போடுங்க. அவன் படுத்தா வண்டி நிக்கும். வண்டி நின்னா எல்லாரும் தங்குவாங்க" என்றார். "சீட்டுலயே சாய்ஞ்சு தூங்குத பயலுக்குக் கட்டில் எதுக்கு வே?" என்று ஒருவர் கேட்க, கூட்டமே சிரித்தது. இவர் கூட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டார். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

சிரித்தவர்களுக்கும் எங்கள் கதை தெரியும். என் கொழுந்தன் வேன் ஓட்டியவன். விடிய விடிய ஓட்டிவிட்டு, "மைனி, மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துருவேன்" என்று போனில் சொன்னவன், கயத்தாறு தாண்டிப் புளியமரத்தில் மோதினான். கண் அசந்துவிட்டது. வண்டியில் வேறு யாரும் இல்லை. வீட்டில் அவனுக்காக வைத்த குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இவரும் டிரைவர்தான், அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டார். லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்ததும் முதல் வேலையாக மாடியில் ஓலைக் கொட்டகை போட்டு, டிரைவர்களுக்கென்று கயிற்றுக் கட்டில்கள் வாங்கினார். "என்ன, தர்மச் சத்திரமா நடத்துதீக?" என்று நான் சண்டை போட்டதுண்டு. ஆனால் ஒருமுறை அங்கே படுத்தவர்கள் அடுத்த தடவை வண்டியை நேரே எங்கள் வாசலுக்குத்தான் திருப்பினார்கள்.

ஒரு மத்தியானம் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று வேனில் வந்து சாப்பிட இறங்கியது. டிரைவர் சின்ன வயதுக்காரன். முந்தின நாள் சவாரியை முடித்த கையோடு கிளம்பி வந்தவனாம். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. சோற்றில் கை வைத்தபடியே தலை தொங்கியது. இவர் பார்த்துவிட்டார். அந்தக் குடும்பத்துப் பெரியவரிடம் போய், குறுக்குத்துறை ஆற்றில் குளிக்கலாம், நெல்லையப்பரைக் கும்பிடலாம், ரூம் வாடகைகூட வேண்டாம், இன்றைக்கு மட்டும் தங்குங்கள் என்று கெஞ்சினார். என் புருஷன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"அஸ்தமனம் பாக்கோணுமுங்க. குழந்தைங்க ரொம்ப ஆசைப்படறாங்க" என்றார் பெரியவர். எல்லாரும் ஏறிவிட்டார்கள்.

இவர் விறுவிறுவென்று போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். "தம்பி, அங்கன தள்ளி உக்காரு. நான் ஓட்டுதேன்." பெரியவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். "பயப்படாதீக, வேன் ஓட்டிப் பிழைச்சவன்தான்" என்றார் இவர். கொழுந்தன் செத்த நாளிலிருந்து தொடாத ஸ்டியரிங்கைப் பிடித்துச் சாவியைத் திருப்பினார். வண்டி பைய நகர்ந்து தெற்கே திரும்பியது. வந்தவர்களைத் தங்கவைக்க வேண்டிய மனுஷன், தானே ஊரைவிட்டு ஓட்டிக்கொண்டு போகிறார்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கொடுத்த காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "நாங்குநேரி வருமுன்னமே அந்தப் பய என் தோள்ல சாய்ஞ்சுட்டான், ஏளா. கன்னியாகுமரி வரைக்கும் முழிக்கவே இல்ல" என்றார்.

அதற்கு அடுத்த நாள், ஊர் திரும்பும் வழியில், அதே வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. பெரியவர் இரண்டு ரூம் கேட்டார். டிரைவர் மாடிக்குப் போய்க் கட்டிலில் விழுந்தான். அவனைச் சாப்பிட எழுப்பலாம் என்று நான் படியேறினேன். இவர் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"எழுப்பாத, ஏளா" என்றார். "நம்ம பய இப்பத்தான் தூங்குதான்."

நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.