தாய்மாமனுக்கு ஒரு சிலோன் விசா

அடுத்தவன் கடல் தாண்டிப் போவதற்கு, உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமல் வழி சொல்லுகிற தொழில் என்னுடையது. அரூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே, சைக்கிள் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் ஒரு டைப் மெஷின், ஒரு மேஜை, இரண்டு மர ஸ்டூல். அறுபதுகளில் ஆரம்பித்தேன். பாஸ்போர்ட், விசா விண்ணப்பம் அடிக்கத் தெரிந்த ஆள் சேலத்துக்கு இந்தப் பக்கம் நான் ஒருவன்தான் என்று நானே போர்டு எழுதி மாட்டினேன். மறுத்துப் பேச யாரும் வராததால் அது நாளடைவில் உண்மையாகிவிட்டது. என் மெஷின் சத்தத்தைக் கேட்டு, திருவண்ணாமலை பஸ் கிளம்பிவிட்டது என்று நாலு பேர் மூட்டையோடு ஓடி வருவார்கள். நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும். எந்தப் பாதி என்பது உங்கள் பாடு.

விசாவுக்காக வரிசையில் நின்று, ஜன்னலுக்குப் பக்கத்தில் போய்ச் சேரும்போது "இந்த நகல் செல்லாது" என்று கேட்டுத் திரும்பியவர்கள் உங்களில் பல பேர் இருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே சாதி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மலையிலிருந்து வந்தவர்

சந்தைக்குப் புளி கொண்டுவந்த சித்தேரி மலைக்காரர் ஒருவர், கூடையை இறக்கிவிட்டு என் ஸ்டூலில் இளைப்பாறினார். நான் யாருக்கோ விசா பாரம் அடித்துக்கொண்டிருந்தேன். இது என்ன என்று கேட்டார். வேறு நாட்டுக்குப் போகிறவன் யார், எங்கே போகிறான், எதற்குப் போகிறான், கையில் என்ன கொண்டு போகிறான், எப்போது திரும்புவான் என்றெல்லாம் கேட்டு, திருப்தியானால் உள்ளே விடுவார்கள் என்று விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சொன்னார்: "இதுக்குப் போயி கடலத் தாண்டணுமா? எங்கள பாரஸ்ட்டு செக்போஸ்ட்டுல தெனம் கேக்கறதுதானே!"

மீசைக்குத் தனிப் படம்

தீர்த்தகிரி, பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்து விவசாயி. ஒரு ஆடி மாசம், மடித்து மடித்து நாலாகக் கிழியப்போகிற கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய அக்கா சாலம்மா, கல்யாணமாகி சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அக்காவும் தம்பியும் பார்த்துக்கொள்ளவே இல்லை. இப்போது அக்கா மகளுக்குத் தை மாசம் கல்யாணம். தாய்மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுத்தால்தான் பெண் மணவறை ஏறும். "நீ உயிரோட இருந்தும் வரலைன்னா, கூடப்பொறந்தவன் கைவிட்டவள்னு மாப்பிள்ளை வூட்டுல என்னைச் சொல்லுவாங்க" என்று யாரையோ விட்டு எழுதியிருந்தாள். தீர்த்தகிரிக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்த வரி கடிதத்தில் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினார்.

முதலில் பாஸ்போர்ட். அதற்கு போட்டோ. பக்கத்துத் தெரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். தீர்த்தகிரிக்கு மீசை என்றால் அப்படி ஒரு மீசை. இடது முனை அரூரைப் பார்த்தால் வலது முனை ஊத்தங்கரையைப் பார்க்கும். தலையில் எண்ணெய் பளபளக்கும் அடர்ந்த முடி. ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், வெளியே எடுத்தார், பெட்டியைப் பின்னால் நகர்த்தினார், மறுபடி தலையை விட்டார். முகம் விழுந்தால் மீசை விழவில்லை, மீசை விழுந்தால் முகம் பொடியாகிவிடுகிறது.

கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "ஏங்க, மீசைக்குத் தனியா ஒரு பாஸ்போர்ட்டு எடுத்துக்கிட்டா என்ன?"

வேலைவெட்டி இல்லாதவன்

கார்த்திகையில் பாஸ்போர்ட் வந்தது. மீசை முழுசாக விழுந்திருந்தது. விசா பாரத்தை மெஷினில் சொருகி, பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் டூரிஸ்ட் என்று அடித்தேன். என்ன அடித்தேன் என்று கேட்டார். சுற்றிப் பார்க்கப் போகிறவர் என்று அர்த்தம் சொன்னேன். அவ்வளவுதான், மனுஷன் எழுந்து நின்றுவிட்டார்.

சொந்தக்காரரைப் பார்ப்பதும் டூரிஸ்ட் கணக்கில்தான் வரும், விசாவில் அதற்கு வேறு பெயர் கிடையாது என்று நான் சத்தியம் செய்தும் அவர் சமாதானம் ஆகவில்லை. "கடலைக்கா காட்டுல களையெடுக்க ஆள் இல்லாம நானும் எம் பொண்டாட்டியும் குனிஞ்சு கெடக்கறம். ஊர் சுத்தப் போறவன்னு எம் பேருக்கு நேரா எழுதுனீங்கன்னா, நாளைக்கு எவன் எனக்குப் பொண்ணு குடுப்பான் சொல்லுங்க!" என்றார். "உனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சேய்யா" என்றேன்.

"அது அந்த ஆபீசருக்குத் தெரியுமுங்களா?" என்றார் தீர்த்தகிரி.

திரும்பி வருவதற்கு அத்தாட்சி

அந்த நாளில் சுற்றிப் பார்க்கிறேன் என்று சிலோன் போகிறவர்களில் சிலர் தோட்டத்திலேயே தங்கிவிடுவார்கள் என்று ஒரே கெடுபிடி. போகிறவன் திரும்பி வருவான் என்பதற்கு ஊரில் ஏதாவது பிடிமானம் இருப்பதாகக் காட்ட வேண்டும். "உன்னை இந்த ஊரில் கட்டிப்போட்டு வைத்திருப்பது எது என்று யோசித்து, அதற்கான அத்தாட்சியைக் கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினேன். நான் நினைத்தது கர்ணம் எழுதிக் கொடுக்கிற நிலச் சான்றிதழ்.

மறுநாள் அவர் ஒரு ஜோடி காளைகளை ஓட்டிக்கொண்டு வந்து என் கடை முன்னால் நிறுத்தினார். "இதுங்க எங் கையில தவிர வேற ஆரு கையிலயும் தண்ணி குடிக்காதுங்க. நல்லா எழுதிக்கோங்க. ஒருத்தன் பேரு ராமன், இன்னொருத்தன் லச்சுமணன்." தாலுகா ஆபீசே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே லச்சுமணன் கழுத்தை நீட்டி, மேஜை மேல் இருந்த புதுக் கார்பன் தாள் கட்டை இழுத்துப் பாதியைத் தின்றுவிட்டான். வாயெல்லாம் நீலம். நாலு பேர் சேர்ந்து பிடுங்கியும் மீதிப் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது.

தாலுகா ஆபீஸ் டவாலிச் சேவகர் ஒருத்தர் பக்கத்தில் நின்று மூக்கின் மேல் விரல் வைத்தார். "இனிமே இந்த மாடு சாணி போட்டாலும் டூப்ளிகேட்டோடதான் போடும்!"

வேண்டுதல்

மார்கழியில் விசா ஆபீசிலிருந்து நேரில் வரச்சொல்லி ஓலை வந்தது. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள்தான் பாக்கி. மொரப்பூர் ஸ்டேஷனில் சந்தித்து, மதராசுக்கு ரயில் ஏறுவதாக ஏற்பாடு. நான் நேரத்தோடு போய்ப் பிளாட்பாரத்தில் காத்திருந்தேன். தீர்த்தகிரியின் சம்சாரம் முனியம்மாள் வந்தாள். கூடவே யாரோ ஒரு மொட்டைத்தலை ஆள், தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு, மேலுதடு வெளுத்துப் போய், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். "உன் வீட்டுக்காரர் எங்கேம்மா?" என்று கேட்டேன். மொட்டைத்தலை, "நான்தானுங்க" என்றது.

பக்கத்தில் இருந்த சிமெண்டுப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாஸ்போர்ட் கைக்கு வந்தால் புருஷனின் முடியையும் மீசையையும் காணிக்கை கொடுப்பதாக முனியம்மாள் தீர்த்தமலைக் கோயிலில் வேண்டிக்கொண்டிருக்கிறாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது. பெரிய ஆபீசருக்கு முன்னால் போய் நிற்பதற்குள் வேண்டுதலை முடித்துவிட வேண்டும் என்று, இரண்டு நாள் முன்னால் மலைக்கு இழுத்துப் போய் மொத்தத்தையும் வழித்துவிட்டாள். "அம்மா, அந்த ஆபீசர் பார்க்கப்போவது போட்டோவில் இருக்கிற முகத்தை. ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள் அசரவில்லை. "முடி வளந்துக்கும்ங்க. சாமிக்குக் கோவம் வளந்துச்சின்னா அத வழிக்கறதுக்கு எந்த அம்பட்டன் வருவான்?" என்றாள்.

எதை நம்புவது?

விசா ஆபீஸ் அதிகாரி மூக்குக் கண்ணாடிக்காரர், நல்ல தமிழ் பேசினார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். தீர்த்தகிரியைப் பார்த்தார். தீர்த்தகிரிக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று கதவைப் பார்த்தார். "இந்தப் படத்தில் இருப்பவர் வரவில்லையா?"

"நான்தானுங்க அது."

"இவர்தான் அவர், நான் சாட்சி" என்று நான் முன்னால் போனேன். "உங்களுக்கு யார் சாட்சி?" என்றார். நான் வந்த இரண்டு அடியையும் திரும்பப் பின்னால் வைத்தேன். தீர்த்தகிரி வேண்டுதல் கதையைச் சொன்னார். அதிகாரி அனுதாபமாகவே கேட்டார், அது இன்னும் பயமாக இருந்தது. முடியும் மீசையும் வளர்ந்தபிறகு வாருங்கள், மூன்று மாதம் போதும் என்றார். தீர்த்தகிரி மடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து மேஜை மேல் விரித்து, அந்த வரியின் மேல் விரலை வைத்தார். அதிகாரி அதைப் படித்தார். பிறகு பாஸ்போர்ட்டை மூடப்போனவர், மூடாமல் மறுபடி ஒரு பக்கம் புரட்டினார்.

அங்க அடையாளம் என்ற இடத்தில் அவர் கண் நின்றது. உச்சந்தலையில் நீளமான தழும்பு. உடம்பில் ஒரு மச்சம்கூட அகப்படாமல், அந்த எண்ணெய் முடிக்குள் விரலை விட்டுத் தடவிக் கண்டுபிடித்து நான் அடித்த வரி. "குனியுங்கள்" என்றார். தீர்த்தகிரி குனிந்தார். சந்தனத்தைத் துடைத்ததும் தழும்பு பளிச்சென்று தெரிந்தது. "இது எப்படி?" என்றார் அதிகாரி. "சின்ன வயசுல எங்கக்கா கம்பு இடிச்சிட்டிருந்தாளுங்க. நான் குறுக்க பூந்தன். ஒலக்கையில போட்டா." அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "போட்டோவில் முடி இருக்கிறது, தழும்பு இல்லை. தலையில் தழும்பு இருக்கிறது, முடி இல்லை. நான் எதை நம்புவது? சரி, ஆள் நீங்கள்தான் என்றே வைத்துக்கொள்வோம். போனால் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

நான் நிலச் சான்றிதழை எடுப்பதற்குள் தீர்த்தகிரி நிமிர்ந்தார். "என்னங்க இப்பிடிக் கேக்கறீங்க! சீர் செய்யப் போன மாமன் கல்யாணம் முடிஞ்ச மறுநாளே கெளம்பிடணும். ரெண்டு நாள் இருந்தான்னா, தலச்சன் கொழந்தைக்கு என்ன போடுவன்னு மாப்பிள்ளை வூட்டுல ஆரம்பிச்சுடுவாங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு முத்திரையை எடுத்து, பலமாக ஒரு குத்துக் குத்திவிட்டுச் சொன்னார்: "இந்த உத்தரவாதம் போதும். எனக்கும் மூன்று அக்காமார்."

முப்பது நாள்

முப்பது நாளுக்கு விசா. தீர்த்தகிரி ஊரை விட்டுக் கிளம்பின பத்தாம் நாளே திரும்பி வந்து, ஒரு தேயிலைப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்தார். தலையில் முள்ளுமுள்ளாக முடி எட்டிப்பார்த்தது. கல்யாணத்தன்று விடிகாலையில்தான் போய்ச் சேர்ந்தாராம். கப்பல் தாமதம், அதற்கப்புறம் ரயில், அதற்கப்புறம் தோட்டத்து லாரி. மணமேடையில் பெண் ஏறவில்லை. ஐயர் இரண்டு தடவை கேட்டும், "எந் தம்பி வருவான்" என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள். இவர் லாரியை விட்டு இறங்கியது மேட்டுக்கு அந்தப் பக்கம். மேட்டின் மேல் இவர் தலை தெரிந்ததுமே அக்கா, "ஏன்டா தீர்த்தா, இதான் வர்ற நேரமா? ஓடியாடா!" என்று அத்தனை பேர் முன்னாலும் திட்டிக்கொண்டே வந்து, பாதி வழியில் உட்கார்ந்து அழுதுவிட்டாளாம். மாலையை எடுத்துக் கொடுத்ததை மட்டும் தீர்த்தகிரி என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

எனக்கோ தொழில் புத்தி. "இருபது வருஷம் கழித்து, மீசை இல்லாமல், மொட்டையாக, அவ்வளவு தூரத்தில் வருகிற ஆளை அக்கா எப்படியய்யா அடையாளம் கண்டுபிடித்தாள்?" என்று கேட்டேன். நான் ஏதோ புரியாத பாஷையில் பேசியதுபோல் அவர் என்னைப் பார்த்தார்.

"அக்காளுக்கு எதுக்குங்க அடையாளம்?"

அதற்குப் பிறகும் என் கடைக்கு வந்தவர்களிடம் மூன்று பிரதி போட்டோ கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என்ன செய்வது, எந்த நாட்டு விசா ஆபீசிலும் நம்முடைய அக்காமாரை வேலைக்கு வைப்பதில்லை.