உலகத்துக்கே அழுகிற அக்கா

என் அக்காவுக்கு அழுகைதான் தொழில். டிவி சேனலில் டப்பிங் பேசுகிறாள். ஏதோ ஒரு தேசத்தில் பூகம்பம் வரும். ஒருத்தி இடிந்த வீட்டின் முன்னால் நின்று கதறுவாள். முதல் இரண்டு வார்த்தை அவள் குரலில் கேட்கும். அப்புறம் அது அமுங்கி, அதன்மேல் என் அக்காவின் குரல் ஏறும்: "எல்லாம் போச்சு, எங்களுக்கு யாருமே இல்ல." வெள்ளம், வறட்சி, போர், எதுவானாலும் இதே தொண்டைதான். உலகத்தில் யாருக்குக் கஷ்டம் வந்தாலும் அக்காவுக்கு அன்றைக்கு வேலை உண்டு.

அதில் அவள் கெட்டிக்காரி, இல்லை என்று சொல்ல மாட்டேன். சுவரெல்லாம் கம்பளி ஒட்டிய அறை, ஃபேன் போடக்கூடாது. காகிதம் சரசரக்காமல் இருக்க மேசையில் துண்டு விரித்து, அதன்மேல் ஸ்கிரிப்டை வைப்பாள். ஒரு மடக்கு வெந்நீர் குடித்துவிட்டு, கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் அழுவாள். முடித்து வெளியே வந்து, "மூக்கடைச்ச மாதிரி வந்துச்சா?" என்று கேட்பாள். "இவ வீட்ல நிஜமா அழுதாக்கூட நான் எழுந்திருக்கிறதில்ல" என்பார் அத்தான். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பெயிண்ட் கம்பெனி இருக்கிறது. அதன் கழிவு மண்ணுக்குள் இறங்கி, எங்கள் போர்வெல்லில் ஏறி வருகிறது. வாளியில் பிடித்துவைத்தால் மேலே பளபளவென்று ஏதோ மிதக்கும். என் மகளுக்கு முழங்கை மடிப்பிலும் முட்டிக்குப் பின்னாலும் புண். குளிக்கக் கூப்பிட்டாலே அலறுவாள். நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கம்பெனி பெயர் டிவியில் வந்தால்தான் ஒருவனாவது அசைவான் என்று பட்டது. ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அக்காவிடம் போய் நின்றேன்.

அவள் தயாரிப்பாளரிடம் பேசி ஆளை அனுப்பிவைத்தாள். உலகத்தின் தண்ணீர்ப் பிரச்சினை பற்றிய நிகழ்ச்சியாம், பல நாடுகளில் ஓடுமாம். கேமரா முன்னால் வாளியைத் தூக்கிக் காட்டினேன். அழவில்லை, கத்தினேன். கம்பெனி பெயரைச் சொன்னேன், முதலாளி பெயரைச் சொன்னேன். "உன் பிள்ளையை இந்தத் தண்ணியில குளிப்பாட்டுடா பார்க்கலாம்!" என்றேன். தெருவே கை தட்டியது.

ஒளிபரப்பான அன்று பாதித் தெரு எங்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. என் முகம் வந்தது. கழுத்து நரம்பு புடைக்க என் வாய் அசைந்தது. வந்ததோ அக்காவின் குரல். "எங்க பிள்ளைகளுக்கு நல்ல தண்ணி இல்ல. யாராவது உதவி பண்ணுங்களேன்." கம்பெனி பெயர் மருந்துக்குக்கூட இல்லை. பருவநிலை மாற்றம், மனிதகுலம் என்று ஒரு ஆண் குரல் பேசி முடித்துவைத்தது.

"நீ இப்படியா பேசின?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மறுநாள் ஸ்டூடியோவுக்கே போனேன். அக்கா மேசைத் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பேசினது எந்த பாஷைன்னு நீ டப்பிங் பண்ணின?"

"மோட்டார் சத்தத்துல உன் குரல் சரியா விழலைன்னாங்க. ஸ்கிரிப்ட் கொடுத்தாங்க, படிச்சேன்."

"என் முகத்தைப் பார்த்துக்கிட்டேவா படிச்ச?"

"பார்க்காம படிச்சா வாயோட ஒட்டாதே."

தயாரிப்பாளர் நடுவில் புகுந்தார். "அம்மா, இது உலகப் பிரச்சினை. ஒரு கம்பெனி பேரைச் சொல்லி அதைச் சின்னதாக்கக் கூடாது. உலகமே உங்களுக்காக வருத்தப்படுது."

"என் பிரச்சினை சின்னதுதான் சார். எங்க வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு."

அதற்குமேல் நான் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. காவலாளி வந்து வெளியே கொண்டுபோய் விட்டார். அன்றிலிருந்து அக்காவோடு பேச்சில்லை. அவளை நான் வெறுக்கிறேன், கூடப் பிறந்தவள் என்பதால் இன்னும் அதிகமாகவே வெறுக்கிறேன்.

உலகத்தின் வருத்தம் கொஞ்ச நாளில் தெருவுக்கு வந்து சேர்ந்தது, ஒரு தண்ணீர் லாரியாக. லாரியின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு அதே கம்பெனியின் பெயர். கீழே 'மக்கள் சேவையில்' என்று எழுதியிருந்தது. சனம் முண்டியடித்தது. வெட்கம் கெட்டு நானும் குடத்தோடு நின்றேன். மகளைக் குளிப்பாட்ட வேண்டுமே.

தயாரிப்பாளர் கேமராவோடு வந்து நேராக என்னிடம் மைக்கை நீட்டினார். "அதான் தண்ணி வந்துடுச்சே. ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

நெஞ்சு நிறைய வார்த்தை இருந்தது. திட்ட வாயைத் திறந்தேன், திறந்ததும் புரிந்தது. நான் எதைச் சொன்னாலும் அந்தக் கம்பளி அறையில் என் நன்றி தயாராக இருக்கும். பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டேன்.

"பேசுங்கம்மா" என்றார். நான் கேமராவை முறைத்தபடி நின்றேன். "சும்மா வாயைத் திறங்க. திட்டினாக்கூடப் பரவாயில்ல, என்ன வேணா பேசுங்க" என்று கெஞ்சினார். அவர்கள் கேமராவை அணைக்கிறவரை என் உதடு பிரியவில்லை.