இயக்குநருக்கும் அதே வரிசை

கொழும்பு வெள்ளவத்தையில் நான் படித்த தனியார் கல்வி நிலையத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே பெரிய கணினிதான். சுமை கூடினால், அதிக இடம் பிடித்த வேலையை அது தானாகவே நிறுத்திவைக்கும். நெரிசல் குறைந்ததும் நின்றவை வரிசைப்படி விட்ட இடத்திலிருந்து தொடரும். அதைப் பார்த்துக்கொண்ட அக்கா மெலிந்தவர். பதில் சொல்லுமுன் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார்.

ஒரு நாள் நிலைய இயக்குநர் அதில் ஓட்டிய வேலையே நின்றுவிட்டது. அவர் நேரே வந்தார்.

“என்ர வேலையை மட்டும் அந்தக் கட்டுப்பாட்டில இருந்து எடுத்துவிடுங்கோ.”

அக்கா கண்ணாடியைத் துடைத்தார். “ஏலாது சேர். உங்கட வேலை ஓடினா இருபது பிள்ளையளின்ர வேலை நிண்டுபோகும்.”

“நான்தானே சொல்லுறன்!”

“அப்ப எழுதித் தாங்கோ. பிள்ளையளின்ர வேலை ஏன் நிண்டதெண்டு அவையின்ர வாட்ஸப் குழுவில நானும் போடுறன்.”

இயக்குநர் திரும்பிப் போய்விட்டார். அக்கா மாணவர் பக்கம் என்று எனக்குத் துணிச்சல் வந்தது. “அக்கா, என்ர ஆய்வுக் கணக்கும் நிண்டிட்டுது. நாளைக்குக் குடுக்கோணும். கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிவிடுங்கோவன்.”

“உமக்கும் ஏலாது,” என்றார்.

கோபம் வந்தது. ஆனால் மாலைக்குள் என் முறை வந்து கணக்கு முடிந்தது.

அடுத்த மாதம் அக்கா அங்கே இல்லை. தானாகப் போனாரா, அனுப்பினார்களா, யாரும் சொல்லவில்லை. புதிதாக வந்தவர், நான் கேட்ட உடனேயே என் வேலையை முன்னுக்குத் தள்ளினார். அதற்காக யாருடைய வேலை நின்றது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.