திரானோ வரை போன ரயில்

ஒன்பது வயதில் நான் என் அப்பாவை நாடு கடத்தியிருக்கிறேன். அரை மணி நேரத்துக்குத்தான்.

அப்பா டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார். எல்லைக்கு அப்பால் வால்தெல்லினாப் பள்ளத்தாக்கிலிருந்து ஓர் இத்தாலியர் அந்த ஹோட்டலுக்கு வைன் கொண்டுவருவார். பெட்டிகளை இறக்க அப்பா போகும்போது சில நாட்களில் நானும் போவேன். பறித்த திராட்சைக் குலைகளை மச்சில் தட்டுத்தட்டாகப் பரப்பி, மார்கழி வரை வாடவிட்டுத்தான் பிழிவோம் என்று அவர் அரைகுறை ஜெர்மனில் எனக்குச் சொல்வார். அந்தப் பள்ளத்தாக்கில் விளைந்து அப்படி வாடிய பழத்தின் வைனுக்கு மட்டும்தான் ‘ஸ்ஃபோர்சாத்தோ’ என்று போத்தலில் பெயர் போடச் சட்டம் விடுமாம். ஒருநாள் வந்து பார் என்பார். ஒரு துளியும் குடிக்காத அப்பா பக்தியோடு தலையாட்டுவார்.

எங்களிடம் இருந்தது, அகதிகளுக்குத் தற்காலிகமாகத் தரும் எஃப் அட்டை. சுவிஸில் இருக்கலாம், வேலை செய்யலாம்; அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. அதைவிட நல்ல அட்டைக்கு அப்பா அந்த வருடம்தான் விண்ணப்பித்திருந்தார்.

கார்த்திகையில் ஹோட்டலைக் கழுவித் துடைத்து மூடிய மறுநாள், பெர்னினா மலை காட்ட என்னைச் சிவப்பு ரயிலில் கூட்டிப்போனார். மலை இறங்கியதும் அவருக்குக் கண் சொருகியது.

“கம்போகொலோன்யோ வந்தா எழுப்பு, பிள்ளை. அதுதான் கடைசி சுவிஸ் ஸ்டேஷன். அங்காலை நாங்கள் போகேலாது.”

கம்போகொலோன்யோ வந்தது. பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அடுத்த ஸ்டேஷன் திரானோ, இத்தாலியில் வைன்காரரின் ஊர்; அங்கே இறங்கினால் அந்த மச்சைப் பார்த்துவிடலாம். நான் எழுப்பவில்லை.

திரானோவில் ரயில் நின்ற குலுக்கலில் அப்பா விழித்தார். என்னை ஏசவில்லை. “எழும்பாதை. இதிலயே இரு,” என்றார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. நடைமேடையின் முடிவில் சுங்க அதிகாரிகள் இருவர் நின்றார்கள்.

அவர்களுக்கு இந்தப் பக்கம், யாரையோ ரயிலேற்ற வந்த வைன்காரர் நின்றார். நான் கண்ணாடியைத் தட்டிவிட்டேன். சிரித்தபடி உள்ளே வந்தவர், அப்பாவின் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். அப்பா தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மச்சைக் காட்டச் சொல்லி நான் வைன்காரரைக் கேட்டேன். இன்று பூட்டியிருக்கிறது என்றார். பிறகு தன் வண்டிக்கு ஓடிப்போய், வாடிச் சுருங்கிய குலை ஒன்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டுவந்து என்னிடம் தந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரிகள் பெட்டிக்குள் வந்தபோது வைன்காரர் அப்பாவின் தோளில் கைபோட்டபடி அவர்களோடு உரக்கக் கதைத்தார். ஒருவர் சிரித்து, என் குலையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துக்கொண்டு போனார். அதே ரயில் வந்த வழியே திரும்பிப் புறப்பட்டது. வைன்காரர் இறங்கவில்லை. கம்போகொலோன்யோவில்தான் இறங்கினார். அதற்கு முன் அப்பா எழுந்து அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, நெடுநேரம் விடாமல் நின்றார்.

“அவருக்கு இங்கை அலுவல் இருந்ததோ?” என்று கேட்டேன்.

“ஓம், இருந்தது.”

எனக்கு அவர்மேல் கோபம். ஊர் வாசல் வரை போயும் மச்சைக் காட்டாமல் ஏமாற்றிவிட்டார். குலை முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். வீட்டுக்கு வந்ததும், வைன்காரர் சரியான பொய்க்காரர் என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தார்.

அடுத்த முறை அவர் டாவோஸ் வருகிறார் என்று தெரிந்ததும், அம்மா விடியவே எழும்பி ஒரு பெரிய டப்பா நிறையப் பயத்தம்பணியாரம் சுட்டு அடுக்கினார். பொய்க்காரருக்கு எதற்கு இவ்வளவு பணியாரம் என்று கேட்டுக்கொண்டே நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.