உச்சியில் ஏ, இடப்பக்கம் பி

ஜியோமெட்ரி வகுப்பின் முதல் நாள் முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்த சாயங்காலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பத்து பாகாட் டவுனிலிருந்து எங்கள் ரப்பர் தோட்டம் வரைக்கும் மண்சாலையில் சைக்கிள் மிதித்து வந்தவர், காலைக்கூடக் கழுவாமல் தோட்டத்துக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எங்கள் வீட்டின் நடுவில் கைகட்டி நின்று, மாஸ்டர் சொன்ன சட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்பித்தார். புகைக்கூடத்து வேலை முடிந்து வந்திருந்த அப்பா, ரப்பர் ஷீட்டின் புகைநாற்றத்தோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பேசும்போது கேட்பதுபோல முதுகை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்.

மணி அடித்த பிறகு வருகிறவனுக்கு வகுப்பில் இடமில்லை. காம்பஸும் அடிக்கோலும் கூராகச் சீவிய பென்சிலும் கொண்டுவராதவன் பாடம் முடியும்வரை நிற்க வேண்டும். அழிக்கும் ரப்பர் வகுப்புக்குள் வரவே கூடாது, பிழைவிட்டவன் முதலிலிருந்து எழுத வேண்டும். இதைக் கேட்டபோது மட்டும் அப்பா சிரித்துவிட்டார். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் ரப்பர் மரமாக இருக்கிற ஊரில் பையன்களுக்கு ஒரு துண்டு ரப்பர் ஆகாதாம். அடுத்ததுதான் பெரிய சட்டம். தேற்றத்தைப் புத்தகத்தில் இருக்கிறபடியே, சொல் மாறாமல், எழுத்து மாறாமல் எழுத வேண்டும். முக்கோணம் என்றால் உச்சியில் ஏ, இடப்பக்கம் பி, வலப்பக்கம் சி. மாற்றுகிறவனுக்குப் பிரம்பு. கடைசிச் சட்டம் மாஸ்டருடையதல்ல, பள்ளிக்கூடத்தினுடையது. பள்ளிப் படிப்பை முடிக்கிற சீனியர் பரீட்சையில் தவறியவனுக்கு வயது கடந்துவிட்டால் மறுபடி எழுத இடம் கிடையாது. அண்ணன் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் சில வருஷங்களைக் கழித்துவிட்டு, பிந்தித்தான் இங்கிலீஷ் பள்ளிக்குப் போனவர், அதனால் வயது கூடினவர். அந்தச் சட்டம் யாருக்கு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அந்தப் பரீட்சையில் அண்ணன் தேறினால் ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாக எடுத்துக்கொள்வதாகத் துரை அப்பாவிடம் சொல்லியிருந்தார். இன்றைக்கு இதைப் படிக்கிறவர்களுக்கு அது பெரிய காரியமாகத் தோன்றாது. எங்கள் தோட்டத்தில் கிராணி என்றால் வெளியூரிலிருந்து வந்து பங்களாவுக்குப் பக்கத்தில் பலகை வீட்டில் இருப்பவர். லயத்தில் பிறந்த யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ரப்பர் விலை விழுந்த காலத்தில் எங்கள் லயத்திலேயே பல வீடுகளைக் காலி செய்து சனங்களைக் கப்பலேற்றிக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். நாங்கள் தப்பிக் கிடந்தவர்கள். அண்ணனுடைய பரீட்சையைப் பிடித்துக்கொண்டுதான் அப்பா ஒவ்வொரு நாளும் எழுந்து வேலைக்குப் போனார்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டும், மடிப்புக் கலையாத கால்சட்டையும். பத்து பாகாட் கோயிலில் திருவிழாவுக்குப் போனபோது ஒருமுறை பார்த்தேன். அண்ணனின் தோளைத் தட்டிவிட்டு, "சாப்பிட்டீரோ?" என்று கேட்டார். கொடுமைக்காரர் என்று அவரை நான் சொல்லமாட்டேன். சொல்ல முடிந்திருந்தால் மனசுக்கு லேசாக இருந்திருக்கும். அவரும் அப்படித்தான் படித்து, அப்படியே எழுதித் தேறி, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டவர். "பேப்பர் திருத்துறவர் சீமையில இருக்கிறார். அவருக்கு உம்மைத் தெரியாது, புத்தகத்தைத் தெரியும். சொந்தப் புத்தியோட பெயிலாகிறதிலும் பார்க்க, புத்தகத்தின்ர புத்தியோட பாசாகிறது நல்லது" என்று வகுப்பில் அடிக்கடி சொல்வாராம்.

ஆனால் அண்ணனுக்குச் சொந்தப் புத்தி இருந்தது, வினையே அதுதான். வகுப்பு தொடங்கிய புதிதில் ஒருநாள் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி, சிமெண்டுத் தரையில் ஒரு முக்கோணம் வைத்துக் காட்டினார். இரண்டு பக்கம் ஒரே நீளம், ஆகவே கீழே இரண்டு மூலையும் ஒரே அளவு. பிறகு உச்சி என் பக்கம் வருகிறமாதிரி அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். "எப்படி வெச்சாலும் அதேதான், பாரு தங்கச்சி. திருப்பிட்டா மட்டும் எங்க ஓடிறப் போவுது?" என்று சிரித்தார். எனக்கு இங்கிலீஷும் தெரியாது, கணக்கும் அவ்வளவாக வராது. ஆனால் அன்றைக்கு அது எனக்கு விளங்கியது. அந்த முகத்தில் இருந்த சந்தோஷமும் விளங்கியது. மறுநாள் வகுப்பில் அதையே தலைகீழாக வரைந்து, எழுத்துகளையும் இடம் மாற்றிப் போட்டு, ஒரு குறையுமில்லாமல் நிறுவியிருக்கிறார். மாஸ்டர் படித்துப் பார்த்துவிட்டுப் பிரம்பை எடுத்தார். வீட்டுக்கு வந்தபோது அண்ணனால் சோற்றைப் பிசைய முடியவில்லை, உள்ளங்கை அவ்வளவு வீங்கியிருந்தது. "சரியாத்தான் இருந்துச்சு" என்று ஒரு தடவை சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் படிக்கிற விதமே மாறிவிட்டது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துகளைக் கற்றுக்கொடுத்துப் புத்தகத்தை என் மடியில் வைத்தார். சாயங்காலம் ரப்பர் பால்வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நான் உட்கார்ந்தால், அவர் சுவரைப் பார்த்து நின்று ஒப்பிப்பார். நான் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துக்கொண்டே போவேன். ஒரு சொல் தவறினால் தரையைத் தட்டுவேன், அவர் தலைப்பிலிருந்து மறுபடி தொடங்குவார். கொஞ்ச நாளில் நான் தட்ட வேண்டியதே இல்லாமல் போயிற்று. ஒரு தடவை, "இது ஏண்ணே இப்படி வருது?" என்று கேட்டேன். ஈர்க்கை வைத்துக் காட்டுவார் என்று நினைத்தேன். "அதெல்லாம் கேக்காத தங்கச்சி. நெனச்சுப் பாத்தா வரிசை கலைஞ்சிடும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. எதற்கென்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. எனக்கு முக்கோணத்தைத் திருப்பிக் காட்டின அண்ணன் அதற்குள் போய்விட்டிருந்தார்.

ஜியோமெட்ரிப் பரீட்சை எழுதிவிட்டு அவர் வந்த அன்று வீட்டில் கருவாட்டுக் குழம்பு. முகம் தெளிந்திருந்தது. "தெரிஞ்சதெல்லாம் ஒரு எழுத்து மாறாம எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு, கேள்வித்தாளை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்குப் படம் பார்க்கிற ஆசை. முதல் படத்தில் ஒரு முக்கோணம், உச்சி கீழே பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மூலைகளில் எல், எம், என் என்று போட்டிருந்தது. அடுத்த படத்தைப் பார்த்தேன், அதற்கடுத்ததையும் பார்த்தேன்.

"அண்ணே, இதுல ஏ எங்க?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். வாயிலிருந்த சோற்றை விழுங்கவில்லை. முதல் கேள்வியில் தெரிந்த ஒரு சொல்லைக் கண்டதும், அச்சடித்திருந்த படத்தை விட்டுவிட்டு, புத்தகத்துப் படத்தை வரைந்து புத்தகத்துத் தேற்றத்தை எழுதியிருக்கிறார். அந்தப் படத்தை வைத்துத் தொடர்ந்து கேட்டிருந்ததற்கு அவர் எழுதியது எதுவும் பொருந்தவில்லை. அடையாளம் தெரியாத மற்றப் படங்களைத் தொடவே இல்லை. அந்த வகுப்பில் பாதிப் பேர் இதையேதான் செய்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. நன்றாக மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் அந்தப் பாதியில்தான் இருந்தார்கள்.

விடைத்தாள்கள் கப்பலில் சீமைக்குப் போய், முடிவு திரும்பி வர மாதக்கணக்காகும். அவ்வளவு நாளும், அவர் தேற மாட்டார் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வேலை வாங்குகிற கங்காணிகூட அண்ணனை எதிரில் பார்த்தால், "என்ன கிராணியாரே" என்பார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு நடப்பார். மரத்துக்கு மருந்து போடும் வேலைக்கு ஆள் கேட்டபோது அவர் போனார். கிராணியாகப் போகிறவனுக்கு இது எதற்கு என்று அப்பா சண்டை பிடித்தார். அந்த மாதங்களைத்தான் நான் கொடுமை என்பேன். முடிவு வந்த நாள்கூட அவ்வளவு கொடுமையாக இல்லை.

துரை கெட்டவரில்லை. தேறினால் வேலை என்று சொன்னார், அண்ணன் தேறவில்லை, வேறொருவரைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். பள்ளிக்கூடமும் சட்டப்படிதான் நடந்தது, வயது கடந்துவிட்டது என்று பெயரை எடுத்துவிட்டார்கள். மாஸ்டரும் தனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்லிக் கொடுத்தார். யாரைக் கேட்டாலும் சட்டம் சரியாகத்தான் இருந்தது. நான் இத்தனை வயதுக்கு அப்புறமும் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறேன். என் மகள் இப்போது குளுவாங் டவுன் பள்ளியில் கணக்கு டீச்சர். விடை தப்பாக இருந்தாலும், யோசித்த வழி சரியாக இருந்தால் மார்க் உண்டு என்கிறாள். அவள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்குவதில்லை.

ரப்பர் மரம் சீவுகிற பால்வெட்டுக்கு அண்ணன் பெயர் கொடுத்த வருஷம், மளிகை வாங்க டவுனுக்குப் போன இடத்தில் மாஸ்டரைப் பார்த்திருக்கிறார். அவர் நின்று பேசினாராம். உண்மையாகவே வருத்தப்பட்டாராம். பிறகு, வகுப்புச் சட்டத்தில் ஒன்று கூட்டியிருப்பதாகச் சொன்னாராம். இனிமேல் பையன்கள் ஒவ்வொரு தேற்றத்தையும் இரண்டு விதமாக மனப்பாடம் செய்ய வேண்டும், ஏ, பி, சி வைத்து ஒன்று, எல், எம், என் வைத்து ஒன்று. இதை அண்ணன் வீட்டில் கோபமில்லாமல் சொன்னார். "இனி வர்ற பயலுங்க தப்பிச்சிடுவாங்க" என்றார். எனக்குத்தான் சட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, அப்பாவும் அண்ணனும் நானும் நடந்து போகும்போது, முன்னால் போன அண்ணன் முணுமுணுப்பது கேட்டது. பக்கத்தில் போய்க் கேட்டேன். முதல் தேற்றத்திலிருந்து எல்லாவற்றையும், எல், எம், என் போட்டுப் புதிதாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். தோளில் கத்திப் பையும் கையில் வாளியும் இருந்தன. சொல் தடுக்கிய இடத்தில் நின்று, தலைப்பிலிருந்து மறுபடி தொடங்கினார். பின்னால் வந்த அப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் நடையை எட்டிப் போட்டு எங்களைப் பிடித்தார். அவர் குரலில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் ரொம்ப நாளாகக் கேட்டிருக்கவில்லை.

"அடுத்த பரீட்சை எப்பய்யா?"

வயது கடந்த கதை அப்பாவுக்கு அந்த நேரத்தில் மறந்தே போயிருந்தது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் நாள் இருக்குப்பா" என்றார்.